வெளிநாட்டவர் கட்டணம்

முகத்தைப் பார்த்துத்தான் கிழித்தேன்.
பச்சைப் புத்தகம் உள்ளூருக்கு, அறுபது ரூபாய்.
மஞ்சள் வெளிநாட்டவருக்கு, ஆயிரத்து ஐந்நூறு.
அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை.
மிச்சக் காசை எண்ணி வாங்கிக்கொண்டு
"தம்பி, மூண்டாவது படி ஆடும், கவனம்" என்றா.

ஆடுவது திணைக்களத்துக்குத் தெரியாது.
இரண்டு வருஷமாய் நான் தாண்டித்தான் ஏறுகிறேன்.
அவவும் தாண்டினா,
பார்க்காமலே.

டொக்யார்ட் வீதியில் இது மட்டும்தான் வளைந்த ஓடு.
ஹக்கா என்றால் விருந்தாளிக் குடிகள்
என்று பயணிகளுக்கு ஒப்பிப்பேன்.
விருந்து என்றால் புதிது,
பத்தாம் வகுப்பில் படித்தது.
எழுபது வருஷம் பழகிய புதிதுக்குப் பெயர் என்ன,
அதை ஒருவரும் கேட்டதில்லை.

'மூலிகைக் கல்வம்' என்ற சீட்டை வாசித்துச் சிரித்தா.
"தேத்தண்ணி இடிக்கிற சட்டியடா இது.
கடலை, எள்ளு, வல்லாரை.
ஊரில வேற இலை போடுவினமாம்,
அம்மாவுக்கு இங்க வல்லாரைதான் அம்பிட்டுது."
நான் எழுதிக்கொள்ளப் பேனை தேடினேன்.
பேனை கூண்டுக்குள் இருந்தது.

மேல்மாடியில் முன்னோர் பலகை.
பையிலிருந்து ஊதுபத்தியை எடுத்தா.
தீ கூடாது, என்றேன்.
"சரி விடு. அப்பாவுக்கும் புகை ஒத்துக்கொள்ளாது."
பற்றவைக்காத குச்சியைக்
கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றா.
விதிகளில் அதற்குத் தடை எதுவும் இல்லை.

பிறகு அந்தக் கண்ணாடி அலுமாரி.
சைக்கிளில் துணி விற்று வந்த லாய்
பல் கட்டப் பழகிய பிறகு எடுத்த சாந்து அச்சுகள்,
நானூற்றுச் சொச்சம்.
திருகோணமலையின் வாய் முழுதும் இங்கே திறந்திருக்கிறது.
"இது ஐஸ் வாடி மீராசாகிபு, வெத்திலைக் கறை பார்.
இது கச்சேரிப் பெரிய கிளாக்கர்,
கடைசி வரைக்கும் கடன்.
இது..." குனிந்தா.
அடியில் பென்சிலால் இரண்டு சீன எழுத்து.
"சம்பூர், மிளகாய். பேர் இல்ல.
பாதிக்காசு, பாதி செத்தல் மிளகாய்
தந்த மனுசன் போல."

எங்கள் அப்பா செத்தல் மிளகாய் விற்றவர்.
சம்பூரில் எத்தனையோ பேர் விற்றார்கள்.
ஊர் விட்டு, முகாமில் கிடந்து,
பத்து வருஷம் கழித்துத் திரும்பியபோது
வீட்டில் எஞ்சியது கிணற்றுக் கட்டு.
படம் ஒன்றுகூட இல்லை. அப்பா இல்லை.
அவருக்குக் கட்டுப்பல் இருந்ததா?
சிரிக்கும்போது கையால் வாயை மூடுவார்,
அது மட்டும் ஞாபகம்.

இலக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு.
அதன் தூசியை எத்தனை தரம் தட்டியிருப்பேன்.
கேட்கவில்லை. என் நாக்கு தானாக
என் மேல்வரிசையைத் தடவிக்கொண்டு போனது.

இறங்கும்போது சொன்னா:
ஐம்பத்தாறு வயதில்தான் பாஸ்போர்ட்.
அதுவரைக்கும் வருஷா வருஷம் ஒரு கடுதாசி.
இந்த வீட்டில் பிறந்து
இந்த வீட்டில் இருக்க அனுமதி.
கோபமாய்ச் சொல்லவில்லை,
மழை வராததைச் சொல்வதுபோல.

பதிவேட்டில் பெயர்: லாய் பூங்யின்.
பக்கத்தில் 'பூங்கனி', வாத்தியார் இடாப்பில் எழுதியது.
நாடு என்ற கட்டத்தில்
'பின் அறை, கடல் பக்கம்.'

டிக்கெட்டை மாற்றித் தாறன், என்றேன்.
பொய். கிழித்த மஞ்சளை ஒட்ட வழியில்லை,
அடிக்கட்டையை அலுவலகம் எண்ணும்.
"வை தம்பி. ஓட்டுக்குப் போடுங்கோ,
மேற்கு மூலை ஒழுகும்."

ஐந்து மணிக்குக் கதவு சாத்தப் போனால்
முற்றத்தில் இரண்டு புள்ளிமான்,
செம்பருத்தியைத் தின்றுகொண்டு.
விரட்டுவது என் வேலை.
அலுமாரிச் சாவி அதிகாரியிடம்,
அவர் திங்கட்கிழமைதான் வருவார்.
நான் படியில் உட்கார்ந்தேன்,
மூன்றாவதில்.
ஆடியது.